நாற்பத்தாறு பாஸ்

எனக்கு நாற்பத்தாறு என்ற எண்ணைக் கண்டாலே ஆகாது. பஸ்ஸில் அந்த நம்பர் சீட்டு வந்தால் பக்கத்தில் இருப்பவரிடம் கெஞ்சியாவது மாற்றிக்கொள்வேன். என் வீட்டுக்காரர் இதைச் சொல்லிச் சொல்லிக் கிண்டல் பண்ணுவார். ஏன் என்று அவருக்குப் பாதிதான் தெரியும். மீதிப் பாதி யாருக்குமே தெரியாது. அப்பாவுக்குத் தெரியாது என்றுதான் நினைக்கிறேன். அம்மாவுக்குக் கண்டிப்பாகத் தெரியாது. யாருடைய நெஞ்சைப் பற்றிய கதையோ, அந்தத் தங்கச்சிக்கும் தெரியாது.

எங்களுக்குக் கம்பம் பக்கத்தில் கூடலூர். அப்பா ஜீப் ஓட்டினார். ஏலத்தோட்ட வேலைக்குப் போகும் பெண்களை வெள்ளனவே ஏற்றிக்கொண்டு குமுளி மலை ஏறுவார், சாயங்காலம் போய்க் கூட்டிவருவார். அம்மா திராட்சைத் தோட்டங்களுக்குப் பழம் வெட்டப் போவாள். தங்கச்சி என்னைவிட ஐந்து வயது சின்னவள். வாயாடி என்றால் அப்படி ஒரு வாயாடி. ஜீப்பில் வரும் பெண்கள் அத்தனை பேருக்கும் பட்டப்பெயர் வைத்திருந்தாள். அவர்களும் அவள் கையில் ஒரு ஏலக்காயாவது கொடுக்காமல் இறங்க மாட்டார்கள்.

அவளுக்கு ஏழு வயதில் ஒரு காய்ச்சல் வந்து, போகவே இல்லை. தொடையில் எங்கும் இடித்துக்கொள்ளாமலே நீலம் நீலமாகக் கன்றியது. கம்பத்து டாக்டர் மதுரைக்கு அனுப்பினார், மதுரையில் சென்னைக்குப் போகச் சொன்னார்கள். ரத்தப் புற்றுநோய் என்று சென்னையில் சொன்னபோது அப்பா, "நெசமாத்தேன் சொல்றீகளா?" என்று திரும்பத் திரும்பக் கேட்டாராம். அம்மா அவளோடு சென்னையிலேயே தங்கிவிட்டாள். அப்பா இருந்த ஒரு துண்டு நிலத்தையும் கொடுத்துவிட்டு, ஊருக்கும் சென்னைக்குமாக அலைந்தார். நான் பெரியம்மா வீட்டில் இருந்து பள்ளிக்கூடம் போனேன்.

அங்கே அவளுக்கு ஏற்றிய மருந்துகளில் ஒன்று நல்ல சிவப்பு. அதற்கு அவள் சர்பத் என்று பேர் வைத்தாள். "இன்னைக்கு எனக்குச் சர்பத்துக்கா" என்று போனில் சொல்வாள், மறுநாள் வாந்தி எடுத்து எடுத்துப் பேசவே முடியாமல் கிடப்பாள். அந்தச் சர்பத்தைப் பற்றி அப்போது நான் வேறு எதுவும் யோசிக்கவில்லை.

மருந்து மட்டும் போதாது, மஜ்ஜை மாற்ற வேண்டும் என்றார்கள். என்னுடையது பொருந்தியது. எனக்கு அப்போது பதின்மூன்று வயது. சென்னைக்குப் போனதும் அம்மா என் கன்னத்தைப் பிடித்துக்கொண்டு அழுத அழுகையில் எனக்கு ஒரே பெருமை. அந்தப் பெருமை, டாக்டரம்மா விளக்க உட்கார்ந்த அன்றோடு போய்விட்டது.

"எலும்புக்குள்ள மஜ்ஜைன்னு ஒண்ணு இருக்கு. அதுல இருக்கிற ஸ்டெம் செல்தான் புது ரத்தத்தை உண்டாக்குது. உன்கிட்ட இருந்து கொஞ்சம் எடுத்து உன் தங்கச்சிக்கு ஏத்துவோம். அவ உடம்புல அது வேர் பிடிக்கணும்" என்றார்.

"பிடிக்கலைன்னா?" என்று கேட்டேன்.

"அப்ப இன்னொரு தடவை எடுக்க வேண்டி வரலாம்" என்றார்.

அவர் சாதாரணமாகத்தான் சொன்னார். எனக்குத்தான் அது அப்படியே நெஞ்சில் ஒட்டிக்கொண்டது.

மயக்க மருந்து கொடுத்துக் கவிழ்த்துப் போட்டு, பின்பக்கம் இடுப்பெலும்பில் குத்தி எடுத்தார்கள். எனக்கு ஒன்றும் தெரியவில்லை. விழித்தபோதுதான் தெரிந்தது. நாக்கு ஒட்டிக்கொண்டு தண்ணீர் தவித்தது, தண்ணீர் தரவில்லை. இடுப்பில் கல்லை வைத்துக் கட்டியது போல ஒரு வலி. பத்து நாள் தலையணை இல்லாமல் உட்கார முடியவில்லை. அய்யோ, இன்னொரு தடவை மட்டும் வேண்டாம் சாமி என்று நான் அந்தப் பத்து நாளும் வேண்டிக்கொண்டது தங்கச்சிக்காகவா எனக்காகவா என்று கேட்டால், எனக்காகத்தான்.

வேர் பிடித்தது. முடியில்லாத தலையும் முகத்தில் கட்டிய துணியுமாக அவள் ஊருக்கு வந்தாள். அவளுடைய ரத்த வகையே மாறி என்னுடையது ஆகிவிட்டது. "இவ ரத்தம் ஏறுனதுல இருந்து எனக்கும் பொசுக்குன்னு கோவம் வருதும்மா" என்று என்னைக் கைகாட்டுவாள். ஒருநாள் என் சட்டையைத் தூக்கி இடுப்பில் இருந்த தழும்புப் புள்ளிகளை எண்ணினாள். "வலிச்சதாக்கா?" என்று கேட்டாள்.

"வலிச்சதாவா? செத்துப் பொழச்சேன்டி உனக்காக. கவுத்திப் போட்டு இம்புட்டு நீள ஊசியால குத்துனாக" என்று கையை முழங்கை வரைக்கும் அளந்து காட்டினேன்.

அதோடு விட்டேனா? அவள் மாங்காய்க் கீற்றில் பெரியதை எடுத்தால், என் ஜாமெட்ரி பாக்ஸைத் தொட்டால், டிவி முன்னால் என் இடத்தில் உட்கார்ந்தால், "உனக்காக இடுப்ப ஒடச்சுக்கிட்டவடி நான்" என்று எடுத்துவிடுவேன். அவள் உடனே கொடுத்துவிடுவாள். வாயாடிதான், இந்த ஒன்றுக்கு மட்டும் அவளிடம் பதில் இருக்காது. அது எனக்கு வசதியாக இருந்தது.

சென்னையில் இருந்து கிளம்பிய அன்று டாக்டரம்மா எங்கள் மூன்று பேரையும் உட்காரவைத்துப் பேசினார். அந்தச் சிவப்பு மருந்து நோயைக் கொன்றதாம், ஆனால் குழந்தைகளின் இதயத்தையும் அது பதம் பார்த்துவிடும், மஜ்ஜை மாற்றுவதற்கு முன்னால் கொடுத்த மருந்துகளும் அப்படித்தான். இப்போது இதயம் நன்றாக இருக்கிறது, ஆனாலும் சில பிள்ளைகளுக்கு மாதங்கள் கழித்து, வருடங்கள் கழித்துக்கூடத் தளர்ந்துபோகும். அதனால் ஆறு மாதத்துக்கு ஒரு தடவை எக்கோ எடுக்க வேண்டும், தேனியிலேயே எடுக்கலாம்.

"ரத்தத்துல வந்த நோவுக்கு நெஞ்ச எதுக்குங்கம்மா பாக்கணும்?" என்று அம்மா கேட்டாள். டாக்டரம்மா மறுபடியும் முதலில் இருந்து சொன்னார். அம்மாவின் தலையில் அன்றைக்கு ஆயிரம் இருந்தது. எந்த மாத்திரை எப்போது, எந்தப் பழம் ஆகாது, தண்ணீர் எத்தனை நிமிடம் கொதிக்க வேண்டும். அப்பா எல்லாவற்றுக்கும் தலையாட்டினார். கடைசியில் டாக்டரம்மா நீலக் கவர் போட்ட ஃபைலின் முதல் பக்கத்தில் எதையோ எழுதி என் கையில் கொடுத்தார்.

"நீதான் வீட்டுல இங்கிலீஷ் வாசிக்கிற ஆளு. எக்கோ ரிப்போர்ட்டுல இந்த இடத்துல ஒரு நம்பர் இருக்கும். ஒவ்வொரு துடிப்புக்கும் இதயம் எத்தனை பங்கு ரத்தத்தை வெளியே தள்ளுதுன்னு அர்த்தம். அறுபதுக்குப் பக்கத்துல இருந்தா நல்லது. அம்பத்தஞ்சுக்குக் கீழ போனா அப்பாகிட்ட சொல்லி உடனே எனக்குப் போன் பண்ணச் சொல்லணும். சரியா?"

சரி என்றேன். முதல் பக்கத்தில் அதைத்தான் எழுதியிருந்தார்.

தேனியில் எக்கோ எடுக்கும் அறை பனி கொட்டுவது போலக் குளிரும். நெஞ்சில் தடவும் பசையும் சில்லென்று இருக்கும். தங்கச்சி, "அண்ணே, இத அடுப்புல வச்சுச் சூடு பண்ணித் தடவக் கூடாதா?" என்று எக்கோ எடுப்பவரைக் கேட்பாள். கறுப்புத் திரையில் அவளுடைய இதயம் வாயைத் திறந்து திறந்து மூடும். மெஷினில் புஸ்ஸு புஸ்ஸென்று சத்தம் வரும்போது நான் என் விரல் நகங்களைக் கடித்துக்கொண்டிருப்பேன். முதல் தடவை அறுபத்திரண்டு. இரண்டாம் தடவை அறுபது. இரண்டு தடவையும் அப்பா, "எம்புட்டு ஆத்தா?" என்று கேட்டு, நான் சொன்னதும், "சரியா இருக்கா? போதும்" என்று ரிப்போர்ட்டைப் பார்க்காமலே ஃபைலில் சொருகச் சொன்னார்.

மூன்றாம் தடவை போனபோது நான் ஒன்பதாம் வகுப்பு. அவள் நான்காம் வகுப்பு. முடி தோள் வரைக்கும் வளர்ந்திருந்தது. அன்றைக்கு எக்கோ எடுத்த அண்ணன் அவளோடு பேசவில்லை. ஒரே இடத்தில் கருவியை வைத்து வைத்துப் பார்த்தார். பிறகு, "டாக்டர் சாயங்காலம்தான் வருவார். இருந்து பாத்துட்டுப் போங்க" என்றார்.

அப்பா வாசலில் நின்று மணியைப் பார்த்தார். நாலு மணிக்கு மலை மேலே அவருடைய ஜீப்புக்காகப் பன்னிரண்டு பெண்கள் நிற்பார்கள். மழை வேறு பெய்துகொண்டிருந்தது. "அவுகள அங்கன விட்டுப்புட்டு நான் இங்கன உக்காந்திருக்க முடியாது. ரிப்போர்ட்ட வாங்கிக்க, போவோம்" என்றார்.

ஜீப்பில் ஏறியதும் கவரைப் பிரித்தேன். 46 என்று அச்சடித்திருந்தது.

எனக்குக் காது அடைத்துக்கொண்டது. பயம் வந்தால் எனக்கு இப்போதும் முதலில் காதுதான் அடைக்கும். அறுபதில் இருந்து நாற்பத்தாறு. என் மஜ்ஜை கெட்டுவிட்டது என்று நினைத்தேன். அவள் உடம்பில் ஓடுவது என் ரத்தம், அப்படியானால் தள்ள முடியாமல் இதயம் திணறுகிறதென்றால் கெட்டுப்போனது என் ரத்தம். போன் பண்ணினால் சென்னைக்கு வரச் சொல்வார்கள். சென்னைக்குப் போனால் கவிழ்த்துப் போடுவார்கள். நான் இதையெல்லாம் வரிசையாக யோசித்தேன் என்று சொல்ல முடியாது, எல்லாம் ஒரே நேரத்தில் வந்து மோதியது.

"எம்புட்டு ஆத்தா?" என்று கேட்டார் அப்பா, வண்டியைக் கிளப்பிக்கொண்டே.

"நாப்பத்தாறு."

அவர் கொஞ்சம் யோசித்தார். முந்தின நாள்தான் என் ராங்க் கார்டில் கையெழுத்துப் போட்டிருந்தார். கணக்கில் நாற்பத்தாறு. அதைப் பார்த்து அவர் முகம் சுருங்கியபோது, "முப்பத்தஞ்சு எடுத்தாலே பாஸுப்பா. நான் பதினொண்ணு கூடுதலாவே எடுத்திருக்கேன்" என்று விளக்கம் சொல்லித்தான் கையெழுத்து வாங்கியிருந்தேன். அது அவருக்கு நினைவுக்கு வந்தது.

"முப்பத்தஞ்சுதேன பாஸு? அப்ப இதுவும் பாஸுதேன். என்ன?" என்றார்.

பின்சீட்டில் தங்கச்சி, "அக்கா, நீயும் நாப்பத்தாறு, நானும் நாப்பத்தாறு! ஒரே ரத்தம்ல!" என்று கைதட்டினாள்.

"ஆமாப்பா. பாஸ்" என்றேன்.

அவ்வளவுதான் நான் சொன்னது. இரண்டே வார்த்தை. அப்பாவுக்கு வந்த சந்தோஷத்தில், அவ்வளவு அவசரத்திலும் சின்னமனூரில் வண்டியை நிறுத்தி, அவளுக்கு ஒரு ஜோடி வெள்ளிக் கொலுசு வாங்கிக்கொடுத்தார். தெரிந்த கடைதான், பணத்தை மெதுவாகத் தரச் சொன்னார்கள். திருகாணி வைத்த கொலுசு. அவள் வீடு வரைக்கும் காலை ஆட்டிக்கொண்டே வந்தாள்.

அம்மாவிடமும் பாஸ் என்றே சொன்னோம். அதற்கப்புறம் வீட்டில் அவளுக்கு இருந்த கட்டுப்பாடெல்லாம் ஒவ்வொன்றாகத் தளர்ந்தது. தனியாகப் பள்ளிக்கூடம் நடந்தாள், கோகோ ஆடினாள். நான் மட்டும் அவளைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். பார்த்துக்கொண்டிருந்தேன், வாயைத் திறக்கவில்லை. இன்னும் நாலு மாதத்தில் செக்கப்புக்குச் சென்னைக்கு எப்படியும் போகத்தானே வேண்டும், டாக்டரம்மாவே பார்த்துக்கொள்வார், அதற்குள் தானாகவே ஏறிவிடும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். கணக்கில் நாற்பத்தாறு வாங்கினவள் அடுத்த பரிட்சையில் அறுபது வாங்குவதில்லையா?

ஒரு மாதம் ஒன்றும் இல்லை. பிறகு சளி பிடித்தது. சளி போன பிறகும் அவளுக்கு முன்பு போல ஓட்டம் இல்லை. பள்ளிக்கூடத்தில் இருந்து வரும்போது எங்கள் தெரு மேட்டில் நடுவில் நின்றுவிடுவாள். நான் பின்னாலேயே வந்து, "என்னடி, மூச்சு வாங்குதா?" என்று கேட்டால், "இல்லக்கா, காலு வலிக்கு" என்பாள். "பையத் தூக்கிக்கிறியா?" என்று ஒருநாள் கேட்டாள். என் பயம் எல்லாம் கோபமாகத்தான் வெளியே வந்தது. "நாலு புஸ்தகத்தத் தூக்க முடியலையா உனக்கு? சோம்பேறிக் கழுத" என்று கத்திவிட்டுத்தான் பையை வாங்கினேன். வாயாடி பதில் பேசாமல் நடந்தது எனக்குப் பயத்தை இன்னும் கூட்டியது.

கோகோவில் இருந்து அவளாகவே நின்றுகொண்டாள். சோறு பாதியில் போதும் என்றாள். படுக்கும்போது இரண்டு தலையணை கேட்டாள். சினிமாவில் ராணி படுப்பது போலப் படுக்கப் போகிறாளாம். அம்மா சிரித்துக்கொண்டே தன் தலையணையைக் கொடுத்தாள். நான் சிரிக்கவில்லை. பக்கத்தில் படுத்துக்கொண்டு அவளுடைய மூச்சை எண்ணுவேன். எண்ணி முடிக்கும் முன்பே அடுத்தது வந்துவிடும். நாளைக்கு அப்பாவிடம் சொல்லிவிடுவது என்று முடிவு பண்ணுவேன். விடிந்தால் அப்பா மலைக்குப் போயிருப்பார்.

ஒரு வெள்ளிக்கிழமை காலையில் அம்மா அவளுக்கு எண்ணெய் தேய்க்க உட்கார்ந்தாள். கொலுசைக் கழற்றப் போனால் திருகாணி தசைக்குள் புதைந்து கிடக்கிறது. கொலுசு காலை இறுக்கிப் பிடித்திருந்தது. "ஏடி, என்னடி இது, குண்டாயிட்டியா?" என்று சோப்பைப் போட்டுப் பார்த்தாள், எண்ணெயை விட்டுப் பார்த்தாள், வரவில்லை. அன்றைக்கு வண்டியில் சின்ன ரிப்பேர் வேலை இருந்ததால் அப்பா வீட்டில் இருந்தார். ஜீப்பில் இருந்து கட்டிங் பிளேயரை எடுத்துவந்து, அவள் காலைத் தன் மடியில் வைத்து, இரண்டு கொலுசையும் வெட்டினார். காலைச் சுற்றி ஒரு பள்ளம் விழுந்திருந்தது. அப்பா அந்த இடத்துக்கு மேலே கட்டைவிரலை வைத்து அழுத்தினார். விரலை எடுத்த பிறகும் குழி அப்படியே நின்றது. அப்பா அந்தக் குழி மேலே எழும்புமா என்று பார்த்துக்கொண்டே இருந்தார்.

"ஃபைல எடு" என்றார் என்னிடம்.

கூடலூரில் இருந்து தேனி வரைக்கும் அப்பா ஜீப்பை அப்படி ஓட்டி நான் பார்த்ததில்லை. கம்பத்தில் மாட்டுவண்டி குறுக்கே வந்தபோது ஜன்னலில் தலையை நீட்டி அழுதுகொண்டே திட்டினார். அம்மா அவளைப் படுக்கவைக்கப் பார்த்தாள். படுத்ததும் அவளுக்கு இருமல் வந்து முட்டியது. "படுக்க மாட்டேன்மா, உக்காந்தே வாரேன்" என்றாள். உதடு நீலம் பாய்ந்திருந்தது. அவள் என் கையைப் பிடித்துக்கொண்டாள். அந்தக் கை சில்லென்று இருந்தது. செத்துப்போய்விடுவாளோ, நான்தான் கொன்றேனோ என்று ஒன்றையே உத்தமபாளையம் தாண்டியும் சின்னமனூர் தாண்டியும் நினைத்துக்கொண்டு வந்தேன். அந்த வெள்ளிக்கடையைப் பார்க்காமல் தலையைக் குனிந்துகொண்டேன்.

தேனியில் அன்றைக்கு இதய டாக்டர் இருந்தார். எக்கோவை அவரே எடுத்தார். இருபத்தெட்டு. ஃபைலைப் புரட்டி மூன்று மாதத்துக்கு முந்தின ரிப்போர்ட்டைப் பார்த்தார்.

"இது வந்தப்பவே ஏன் வரலை? யார் இதைப் பாத்தது?" என்று கத்தினார்.

"நாந்தேங்கய்யா" என்றார் அப்பா. "நாப்பத்தாறுன்னு இருந்துச்சு. முப்பத்தஞ்சுக்கு மேல இருக்கு, பாஸுதேன்னு நெனச்சுப்புட்டேன்."

"இது என்ன ஸ்கூல் பரிட்சையாய்யா?" டாக்டர் முதல் பக்கத்தைத் திருப்பினார். "அம்பத்தஞ்சுக்குக் கீழ போனா போன் பண்ணணும்னு இங்க பெருசா எழுதியிருக்கே!"

"இங்கிலீசு நமக்கு வராதுங்கய்யா. எம்மேலதேன் தப்பு. பிள்ளயக் காப்பாத்திக் குடுங்க" என்று அப்பா கையெடுத்துக் கும்பிட்டார்.

நான் அவருக்கு ஓரடி தள்ளி நின்றேன். அந்த வீட்டில் இங்கிலீஷ் வாசிக்கிற ஆள் நான்தான். நான் பேசவில்லை. அப்பா என் பக்கம் திரும்பவும் இல்லை. தெரியாமல் திரும்பவில்லையா, தெரிந்தே திரும்பவில்லையா என்று இன்றுவரைக்கும் எனக்கு விளங்கவில்லை. அவரிடம் கேட்கும் தைரியமும் எனக்கு வரவில்லை.

நுரையீரலில் நீர் கோத்திருந்தது. மூன்று நாள் மூக்கில் ஆக்ஸிஜனோடு வைத்திருந்தார்கள். ஊசி போட்டு நீரை வடியவைத்தார்கள். பிறகு ஆம்புலன்ஸில் சென்னைக்குக் கொண்டுபோனோம். ஆஸ்பத்திரி வாசலைப் பார்த்ததுமே என் இடுப்பு வலிக்க ஆரம்பித்தது. டாக்டரம்மா எல்லாச் சோதனையும் முடித்துவிட்டு வெளியே வந்து, சுவரோரம் உட்கார்ந்திருந்த என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார்.

"என் மஜ்ஜை கெட்டுப்போச்சா?" என்று கேட்டேன்.

"யாரு சொன்னா? உன் மஜ்ஜை நல்லா இருக்கு. ரத்தம் எல்லாம் சரியா இருக்கு. இது அந்த மருந்துகள் இதயத் தசையில பண்ணின வேலை. இதுக்கும் உனக்கும் சம்பந்தமே இல்லை."

"அப்ப என்னயத் திரும்பக் குத்த மாட்டீங்களா?"

அவர் சிரித்துவிட்டார். "உன்கிட்ட இருந்து இனி ஒண்ணும் வேணாம். மாத்திரைதான் குடுக்கப் போறோம். கொஞ்சம் முன்னாடி வந்திருந்தா அன்னைக்கே ஆரம்பிச்சிருக்கலாம்."

மாத்திரை. அவ்வளவுதான். அன்றைக்கே நான் சொல்லியிருந்தால் காலையில் ஒன்று, ராத்திரி ஒன்று என்று மாத்திரை கொடுத்திருப்பார்கள். எதற்குப் பயந்து என் தங்கச்சியை மூன்று மாதம் மூச்சு முட்ட விட்டேனோ, அப்படி ஒன்று இல்லவே இல்லை. நான் கழிப்பறைக்குப் போய்த் தாழ் போட்டுக்கொண்டு என்னையே அடித்துக்கொண்டேன்.

அவள் பிழைத்தாள். பிழைத்தாள் என்று எழுதினாலும், அதற்கப்புறமும் பயம் எங்களோடே இருந்தது. எக்கோ தேதி நெருங்கினால் அம்மா சாப்பிட மாட்டாள். அவளைக் கூப்பிட்டு உடனே பதில் வராவிட்டால் நான் ஓடிப்போய்ப் பார்ப்பேன். முப்பத்தைந்து ஆனது. அன்றைக்கு அப்பா, "இப்ப பாஸு ஆயிட்டா" என்று சொல்லிவிட்டு விக்கி விக்கி அழுதார். நாற்பத்தொன்று ஆனது, மறுபடியும் முப்பத்தெட்டுக்கு இறங்கியது, பிறகு மெல்ல மெல்ல ஏறியது. அவள் ஓடக் கூடாது, கனம் தூக்கக் கூடாது, உப்பு குறைக்க வேண்டும். அப்பாவின் பாஸ் மார்க் சொந்தக்காரர்கள் மத்தியில் பெரிய கேலிப்பேச்சாகிவிட்டது. கல்யாண வீட்டில்கூட, "என்னய்யா, பந்தியில உப்பு பாஸா?" என்பார்கள். அவரும் சிரிப்பார். ஒவ்வொரு தடவையும் நான் எழுந்து வேறு அறைக்குப் போய்விடுவேன்.

இரண்டாயிரத்துப் பத்தில் அவள் பத்தாம் வகுப்பு. நான் கல்லூரியில் இருந்தேன். அந்தத் தடவை எக்கோவுக்கு அவளும் நானும் மட்டும் தேனிக்குப் போனோம். ரிப்போர்ட்டை இப்போதெல்லாம் அவளே வாசித்துக்கொள்வாள். ஐம்பத்திரண்டு. டாக்டர் மாத்திரையைத் தொடரச் சொல்லி, முகம் மலர்ந்து பேசி அனுப்பினார். பஸ் ஸ்டாண்டில் கூடலூர் பஸ்ஸுக்காக உட்கார்ந்திருந்தோம். அவள் பொரிகடலை தின்றுகொண்டிருந்தாள். இன்றைக்குச் சொல்லிவிட வேண்டும் என்று அவளுடைய நம்பரைப் பார்த்ததில் இருந்து நான் மனதுக்குள் வார்த்தையைக் கூட்டிக்கொண்டிருந்தேன்.

"ஏடி, அந்த நாப்பத்தாறு வந்துச்சுல்ல" என்று ஆரம்பித்தேன்.

"பாவம்க்கா அப்பா" என்றாள் அவள். "அவரையே எல்லாரும் சொல்றாக. எனக்குத்தேன் அப்பவே தெரியுமே."

"உனக்கு என்ன தெரியும்?"

"மேடு ஏற முடியல. படுத்தா மூச்சு முட்டுச்சு. எல்லாம் தெரிஞ்சுதேன் இருந்துச்சு. நாந்தேன் சொல்லல."

"ஏன்டி சொல்லல? காலு வலிக்குன்னுல்ல சொன்ன?"

அவள் பொரிகடலைப் பொட்டலத்தை என் பக்கம் நீட்டினாள். "சொன்னா உன்னயத் திரும்பக் கவுத்திப் போட்டுக் குத்துவாகன்னு பயந்தேன்க்கா. நீதேன செத்துப் பொழச்சேன்னு சொல்லிக்கிட்டே இருப்ப."

எனக்குக் காது அடைத்துக்கொண்டது. ஒன்பது வயதில் மூச்சு முட்டிக்கொண்டு இரண்டு தலையணையில் அவள் படுத்திருந்தது எனக்காக. பக்கத்தில் படுத்து அவள் மூச்சை எண்ணிக்கொண்டு நான் வாயை மூடியிருந்ததும் எனக்காகத்தான். ஒரே பயத்தை இரண்டு பேரும் மறைத்துவைத்திருந்தோம். அவள் அதை எனக்காகச் சுமந்திருக்கிறாள், நானும் எனக்காகவே சுமந்திருக்கிறேன். அவளுக்காகப் பயப்பட அந்த வீட்டில் நாங்கள் இரண்டு பேருமே இல்லை.

"என்னமோ சொல்ல வந்தியே, என்ன?" என்றாள்.

"ஒண்ணுமில்ல. பஸ்ஸு வந்திருச்சு" என்றேன்.

அன்றைக்குச் சொல்லவில்லை. இத்தனை வருடம் ஆகியும் சொல்லவில்லை. அவள் இப்போதும் காலையில் ஒன்று, ராத்திரி ஒன்று மாத்திரை போடுகிறாள். காலில் கொலுசு போட மாட்டேன் என்கிறாள், இறுக்குகிறதாம். இதை எழுதி முடித்ததும் முதலில் அவளிடம்தான் வாசிக்கக் கொடுக்கப் போகிறேன். அதிர்ச்சியில் அவள் நெஞ்சுக்கு ஏதாவது ஆகிவிடுமோ என்று ஒரு பயம். வாசித்து முடித்துவிட்டு அவள் என்னை நிமிர்ந்து பார்ப்பாளே, அதற்குத்தான் அதைவிடப் பயமாக இருக்கிறது.